விதுஷாவின் மாற்றுக் கருத்து

சதீஸ்குமாரைப் பற்றிச் சொல்ல வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பிறகு சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் மறுபடி கோபம் வரும். அதில் ஒரு பங்கு என் மேலேயே என்பதால் இதை ஒழுங்காகச் சொல்லி முடிக்கப் பார்க்கிறேன்.

கொஸ்லந்தையைத் தாண்டி மேலே ஏறும் பாதையில், தோட்டம் தொடங்கும் சந்தியில் கடை வைத்திருக்கும் ஹஸீப் நான்; ஊருக்கு 'ஹஸீப் நானா', அண்ணன் முறை. வெங்காயம், கருவாடு, போனுக்குக் காசு போடும் ரீலோட், எல்லாம் என்னிடம் உண்டு. என் கடை வாசலில்தான் சதீஸ்குமார் ஆட்டோ நிறுத்துவான். வயது இருபத்தொன்பது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, உயர்தரம் வரை படித்து, கொழும்பில் இரண்டு வருடம் துணிக்கடையில் நின்று, அலுத்துப்போய் ஊருக்கே திரும்பியவன். நல்ல பையன், கூலி கூட்டிக் கேட்கமாட்டான். வாய் மட்டும் சும்மா இருக்காது.

ஒருநாள் போனில் 'வாதத்தில் வெல்ல ஏழு வழிகள்' என்று ஏதோ வீடியோ பார்த்தான். அத்தோடு ஆளே மாறிவிட்டான். எதிராளி சொல்வதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். குரலை உயர்த்தக் கூடாதாம். கேள்வி கேட்டே மடக்க வேண்டுமாம். முதல் பரிசோதனை என்னிடம். "நானா, நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி. ஆனா ஒரு கேள்வி," என்று தொடங்கினான். கால் மணி நேரத்தில் என் கடைக் கருவாடு மனிதருக்கு ஆகாது என்று நானே ஒப்புக்கொண்டேன். மறுநாள் வாடிக்கையாளர்களையும் அப்படியே மடக்கப் பார்த்தான். ஆட்டோ மட்டும் இங்கே நிற்கட்டும், நீ எங்காவது போய்த் தொலை என்று துரத்திவிட்டேன்.

கீழ்க்கணக்கில் போனுக்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காது. லயத்துக்குப் பின்னால், தேயிலைக்கு நடுவில் ஒரு கல் இருக்கிறது. அதன் மேல் ஏறினால் கிடைக்கும். சிக்னல் கல் என்றே அதற்குப் பெயர். அவன் அங்கே குடியேறினான்.

'தோட்டத்துக் குரல்' என்று மேல், கீழ் இரண்டு கணக்குக்கும் பொதுவாக ஒரு வாட்ஸ்அப் குழு. தண்ணீர்க் குழாய் உடைந்தால், மாடு காணாமல் போனால் அதில் போடுவார்கள். வெங்காய விலை போட என்னையும் சேர்த்திருந்தார்கள். சதீஸ்குமார் அங்கே மரண தண்டனையைக் கொண்டுவந்தான், சாராயக் கடையைக் கொண்டுவந்தான், கடைசியில் கருக்கலைப்பைக் கொண்டுவந்தான். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் நம் நாட்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. அதைத் தளர்த்த வேண்டுமா, கூடாதா?

தளர்த்த வேண்டும் என்றுதான் முதலில் வாதாடினான். மேல்கணக்கு முழுவதும் அவன் பக்கம் வந்தது. மூன்று வாரம் கழித்து வேறொரு பேச்சைக் கேட்டான், மனம் மாறிவிட்டது. கூடாது என்று வாதாடிக் கீழ்க்கணக்கை முழுதாகப் பிடித்தான். பிறகு மேல்கணக்கையும் திருப்பப் போனால், அவன் சொல்லிக்கொடுத்த நியாயத்தையே அவர்கள் அவனுக்குத் திருப்பிச் சொன்னார்கள். அவன் போட்ட பூட்டை அவனாலேயே திறக்க முடியவில்லை. அதிலும் தேயிலை ஆலையில் வேலை செய்யும் வீரய்யா, ஏழு வழிகளையும் இவனைவிட நன்றாகப் பழகியிருந்தார்.

திருவிழாவும் வந்தது. மேல்கணக்குக் கோயிலில் இருந்து கரகம் கீழ்க்கணக்கு லயங்களுக்கு இறங்குவது வழக்கம். இப்படியொரு கருத்து உள்ளவர்கள் வாசலுக்குக் கரகம் வராது என்றார்கள். வந்தாலும் நாங்கள் தண்ணீர் ஊற்ற மாட்டோம் என்று கீழே இருந்து பதில் போனது. மாரியம்மன் எந்தக் கட்சி என்று யாரும் அம்மனைக் கேட்கவில்லை.

இன்னொருத்தியையும் யாரும் கேட்கவில்லை. அவன் மனைவி விதுஷா. மேல்கணக்குப் பெண். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பதால் வளைகாப்பு முடிந்து அம்மா கருப்பம்மாவோடு மேலே போயிருந்தாள். பிறக்காத பிள்ளைகளைப் பற்றி நாள் முழுக்கப் பேசியவன், பிறக்கப் போகும் தன் பிள்ளையின் கிளினிக் நாளை இரண்டு தடவை மறந்தான்.

ஒரு புதன்கிழமை, பின்னேரம் மூன்று மணி. விதுஷாவுக்கு வலி வந்துவிட்டது. புருஷனுக்குப் போன் எடுத்தாள். அந்தக் கல்லில் அழைப்பு வந்தால் இணையம் அறுந்துவிடும். அதனால் அவன் துண்டித்தான். மூன்று தடவை எடுத்தாள், மூன்று தடவையும் துண்டித்தான். அவனை அவளுக்குத் தெரியாதா? அழைப்பை எடுக்காதவன், மாற்றுக் கருத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு குழுவில் எழுதினாள்:

"சதீஸ்குமார் சொல்வதை நான் முற்றாக மறுக்கிறேன். எனக்கு வலி வந்துவிட்டது. ஆட்டோ வேண்டும்."

ஒரு நிமிடம் ஆகவில்லை, பதில் வந்தது. எழுதியவர் பெயரைப் பார்க்காமலே பதில் எழுதும் அளவுக்கு அவன் தேறியிருந்தான். "சகோதரி, உங்கள் வலியை மதிக்கிறேன். நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் ஒரு கேள்வி. ஒருவரின் தனிப்பட்ட வலியை வைத்துப் பொதுச் சட்டத்தை எழுத முடியுமா?"

வீரய்யா விடுவாரா? "தாயின் வலியே பேசுகிறது பாருங்கள்! இதைத்தான் நான் ஆறு மாதமாகச் சொல்கிறேன்," என்று போட்டார். அவர் வீடு கருப்பம்மா வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி. ஒருவர் ஆதாரம் கேட்டார். இன்னொருவர், ஆட்டோ என்பது இங்கே உவமையா என்று கேட்டார். இருபத்தேழு பதில்கள். நானும் கல்லாவில் உட்கார்ந்து வாசித்தேன். பையன் நன்றாக மடக்குகிறான் என்று நினைத்து அவன் பதிலுக்கு ஒரு கட்டைவிரலைப் போட்டேன். என் வேன் கடை வாசலில் சும்மா நின்றது.

கருப்பம்மாவிடம் போன் கிடையாது. அவள் பாதையில் இறங்கி, கொழுந்து ஏற்றி வந்த லொறிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். விதுஷாவைக் கொழுந்துச் சாக்குகளின் மேல் படுக்க வைத்து ஏற்றினார்கள். லொறி என் கடையைத் தாண்டும்போது மேலே இருந்து கருப்பம்மாவின் கூச்சல் கேட்டது.

"ஹஸீப் நானா! கல்லு மேல ஒக்காந்திருக்கிற எங்க மாப்பிள்ளகிட்ட சொல்லுங்க, அவரு ஜெயிச்சிட்டாருன்னு!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிக்னல் கல்லுக்கு மூச்சு வாங்க ஓடினேன். "ஒரு நிமிசம் நானா," என்று கையை உயர்த்தினான். போனைப் பிடுங்கி, அவள் பெயர் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவன் முகம் செத்துப்போனது. எனக்கு அப்போது அவன்மேல் பாவமாக இருந்தது என்று சொன்னால் அது பொய்.

அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பெண் பிள்ளை பிறந்திருந்தது. விதுஷா ஏசவில்லை.

"நீங்க கேட்ட கேள்விக்குப் பதில் போட நேரமில்லாமப் போச்சுங்க," என்றாள். "நானும் ஒன்னு கேட்டிருந்தேன். அதுக்குப் பதில் வர்ற வரைக்கும் நானும் புள்ளயும் அம்மா வீட்டுலதான்."

அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. தினமும் அவன் கல்லில் ஏறுவான். குழுவில் 'சதீஸ்குமார் எழுதுகிறார்' என்று தெரியும். அரை மணி நேரம் எழுதுவான், ஒன்றும் வராது. இரண்டு கணக்கும் கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்தது. ஏழு வழிகளில் எந்த வழியும் அந்த வாசலுக்குப் போகவில்லை. பிள்ளையை இன்னொரு தடவை கண்ணால் பார்க்க விடச் சொல்லுங்கள் நானா என்று என்னிடம் வந்து அழுதான். நீ எழுத வேண்டியதை எழுது என்றேன்.

தீட்டுக் கழிக்கும் முப்பதாம் நாள் காலையில் ஒரு வரி வந்து விழுந்தது.

"விதுஷா, எத்தன மணிக்கு ஆட்டோ கொண்டு வர?"

"இது கருத்தா, கேள்வியா?" என்று வீரய்யா உடனே கேட்டார். அவரைத் தாண்டி விதுஷா எழுதினாள்: "நாலு மணிக்கு. போனை நானா கடையில வச்சிட்டு வாங்க."

வைத்துவிட்டுப் போனான். ஐந்து மணிக்கு ஆட்டோ திரும்பி வந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று நின்று ஓட்டினான். கடை வாசலில் நிறுத்தியதும், மடியில் பிள்ளையோடு விதுஷா எட்டிப் பார்த்தாள். நான் அவன் போனை எடுத்துக் கொடுக்கப் போனேன். அவள் அதைப் பார்க்கவில்லை.

"நீங்க போட்ட கட்டைவிரலப் பார்த்தேன் நானா," என்றாள். "அன்னைக்கு வேன் வாசல்லதான நின்னுச்சு?"

"நூத்துக்கு நூறு சரி தங்கச்சி," என்றேன். அதற்குப் பிறகு 'ஆனா' என்று ஒன்றும் சொல்லவில்லை.