ரிங்குக்குப் பின்னால் ஒரு டீக்கடை: நசரத்பேட்டையில் மகளின் கடைசி மேட்ச்

இந்தத் தளத்தில் நான் இதுவரை எழுதியது திருத்தணி, பழவேற்காடு, ஒரு தடவை ஏலகிரி. எல்லாம் பேருந்தில் போய் வந்த ஊர்கள். இந்தத் தடவை போன தூரம் மொத்தம் பதினாறு கிலோமீட்டர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏறி, பூந்தமல்லியில் மாறி, நசரத்பேட்டையில் இறங்கினேன். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி சாந்தியும் அதைத்தான் கேட்டாள். இந்த ஒரு வருடமாக நான் போய் வந்த வழி இது, இனிமேல் அந்தப் பக்கம் எனக்கு வேலை இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

விஷயம் இதுதான். என் மகள் கீர்த்தனா நசரத்பேட்டை தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கடைசி வருடம் படிக்கிறாள். காலேஜ் பேஸ்கட்பால் டீமில் ஒன்பதாம் நம்பர். மார்ச் வந்தால் காலேஜ் போட்டிகள் ஓய ஆரம்பித்துவிடும். பிறகு பரீட்சை, அதற்குப் பிறகு வேலை. அவர்கள் காலேஜிலேயே நடந்த கடைசித் தொடரின் அரையிறுதி, ஒரு சனிக்கிழமை மாலை மூன்றரைக்கு. தோற்றால் அன்றோடு எல்லாம் முடிந்தது.

எனக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. இந்த நான்கு வருடத்தில் என் மகள் போட்ட பந்து ரிங்குக்குள் விழுந்ததை நான் என் கண்ணால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஷிஃப்ட் மேல் பழியைப் போட்டுவிடலாம், நான் லேத் பட்டறை ஆள்தான். ஆனால் உண்மையான காரணம் என் ராசி. எங்கள் வீட்டில் கிரிக்கெட் ஓடும்போது நான் வந்து உட்கார்ந்தால் விக்கெட் விழும். மச்சான் என்னைச் சமையலறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துவான். அங்கே வெங்காயம் உரித்தே பல கோப்பைகளை ஜெயித்துக் கொடுத்திருக்கிறேன். கீர்த்தனா முதல் வருடம் ஆவடியில் ஆடியபோது ஆசையாகப் போய் முன்னால் நின்றேன். காலி ரிங்குக்கு அடியில் நின்று போட்ட பந்தைத் தவறவிட்டாள். இரண்டாம் வருடம் முகப்பேரில் ஒரு மேட்ச். நான் பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்ட நிமிடம் அவளுக்குக் கணுக்கால் பிசகியது. நான் போகாத நாட்களில் பன்னிரண்டு பாயின்ட், பதினாலு பாயின்ட் என்று வீட்டுக்கு வந்து சொல்வாள். ஐ.டி.ஐ. வரைக்கும் படித்த மூளைக்கு இந்தக் கணக்கு புரியாதா? மூன்றாம் வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்த வருடம் மனசு கேட்கவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தேன். மைதானத்தின் ஒரு பக்க ரிங்குக்குப் பின்னால் சுவர் கிடையாது, கம்பி வலைதான். வலைக்கு வெளியே ரோட்டோரம் மூர்த்தியின் டீக்கடை. ஷிஃப்ட் முடிந்து வண்டியில் நேராக அங்கே போவேன். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் பார்த்தபடி நின்று காதால் மேட்ச் பார்ப்பேன். எங்கள் பக்கம் போட்டால் முதலில் பெண்களின் கூச்சல், அடுத்து ஒரு ட்ரம் சத்தம். எதிர்ப் பக்கம் போட்டால் மரியாதைக்கு நாலு கைதட்டல். நான் வந்து நிற்பது கீர்த்தனாவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி மேட்ச் அன்று காலையில் அவளே சொன்னாள். "நைனா, இன்னிக்காவது உள்ள வந்து ஒக்காரு. அம்மாவையும் இட்டுகினு வா."

திரும்பும்போது மூன்று பேர், வண்டி சரிப்படாது. மதியம் ஒன்று இருபதுக்கு வீட்டிலிருந்து கிளம்பினோம். லீவு நாளிலும் எதற்கு அதே நீலக் கம்பெனி சட்டை என்று சாந்தி கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை. எஸ்டேட்டில் ஒன்று நாற்பதுக்குச் சாதா பஸ் கிடைத்தது. எனக்குப் பதின்மூன்று ரூபாய், சாந்திக்கு இலவசம். அந்தக் கெத்தில் ஜன்னல் சீட்டையும் அவளே பிடித்துக்கொண்டாள்.

அத்திப்பட்டு, அயனம்பாக்கம் வழியாக வானகரம் வரைக்கும் நாற்பது நிமிடம். வானகரத்தில் ஒரு செருப்புக் கடை முன்னால் பஸ் நின்றது. கீர்த்தனாவின் முதல் பேஸ்கட்பால் ஷூவை அங்கேதான் வாங்கினோம். வளர்கிற கால் என்று ஒரு சைஸ் பெரிதாக எடுத்து, முன்னால் பஞ்சு அடைத்துக் கொடுத்தேன். முதல் பயிற்சியிலேயே ஒரு ஷூ கழன்று பந்தைவிட வேகமாகப் போனதாம். அதற்கும் முன்னால், முகப்பேர் ஹவுசிங் போர்டு மைதானத்தில் வலை இல்லாத ஒரு ரிங் இருந்தது. எட்டு வயதில் அதற்கு அடியில் நின்று, "நைனா, தூக்கு" என்பாள். தோளில் உட்கார வைப்பேன். பந்தை உள்ளே போட்டுவிட்டு அவளே கை தட்டிக்கொள்வாள். அப்போதும் நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் வெயிட் அப்படி.

வேலப்பன்சாவடியில் நெரிசல். பூந்தமல்லி போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஐம்பது. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய், பன்னிரண்டு நிமிடம்.

"காலேஜ்ல இன்னா விசேசம்?" என்றார் டிரைவர்.

"மேட்ச்சு. பேஸ்கட்பால். நம்ம பொண்ணு ஆடுது."

"பொண்ணு ஒசரமா கீதா?"

"என்னவிட ரெண்டு இஞ்ச்சு."

கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தார். "அப்ப அம்மா மாரி. தப்பிச்சிகிச்சு." சாந்தி அந்த மாதம் சிரித்ததிலேயே பெரிய சிரிப்பு அது.

கேட்டில் பெயர் எழுதிவிட்டு உள்ளே போனோம். மேற்குப் பக்கப் படிக்கட்டில் மட்டும்தான் நிழல், அங்கே உட்கார்ந்தோம். கீர்த்தனா கையைக் காட்டினாள். நானும் காட்டினேன். அதற்குப் பிறகு முதல் பாதி முழுக்க அவள் போட்ட எதுவும் விழவில்லை. ஆறு தடவை முயன்றாள். ஒன்று ரிங்கில் சுற்றி, எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. இடைவேளையில் 14–24. பத்து பாயின்ட் பின்னால்.

நான் எழுந்தேன்.

"எங்க போறீங்க?" என்றாள் சாந்தி.

"டீ குடிச்சிட்டு வந்துர்றேன்."

"அவ ஒக்காரச் சொன்னா."

"ஒக்காந்து பாத்தாச்சே. பாத்த இல்ல?"

மூர்த்தி என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கழுவினார். "இன்னா அண்ணாத்தே, லேட்டு?"

"உள்ள இருந்தேன்பா. வேலைக்கு ஆவல."

வழக்கமான இடத்தில் முதுகைத் திருப்பி நின்றேன். இடைவேளைக்குப் பிறகு டீம்கள் பக்கம் மாறும், எங்கள் பிள்ளைகள் இப்போது என் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ரிங்கில்தான் போட வேண்டும். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, கூச்சலும் ட்ரம்மும். "ஒம்போதாம் நம்பரு" என்றார் மூர்த்தி. அடுத்தும் ஒம்போது. அதற்கு அடுத்ததும். எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். பத்து அடியில் நடக்கிறது, நான் ஒரு சிமென்ட் லாரியின் நம்பர் பிளேட்டைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் 40–42. நான்கு வினாடி பாக்கி. பந்து போடப் போன கீர்த்தனாவை எதிரணிப் பெண் கையில் தட்டிவிட்டாளாம், விசில். இந்த மாதிரித் தட்டினால் கோட்டில் தனியாக நின்று இரண்டு தடவை போடலாம், யாரும் தடுக்க முடியாது. ஒன்றுக்கு ஒரு பாயின்ட். இரண்டும் விழுந்தால் சமம், ஆட்டம் நீளும்.

மைதானம் அமைதியானது. பந்து தரையில் மூன்று தடவை தட்டும் சத்தம். பிறகு கூச்சல், ட்ரம். 41–42.

மூர்த்தி அடுப்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணாத்தே, இன்னும் ஒண்ணுதான் கீது. கடைசி. பெத்த பொண்ணு போடுது, திரும்பிப் பாருய்யா."

"வேணாம்பா."

"அப்பால ஒரு மேட்ச்சு வருமா உனுக்கு?"

திரும்பினேன். வலைக்கு அந்தப் பக்கம், ரிங்குக்கு நேராக, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். பந்து வந்தது. ரிங்கின் முன் கம்பியில் அடித்துத் தெறித்தது. எதிரணிப் பெண் அதைப் பிடித்துக் கட்டிக்கொண்டாள். நீளமாக ஒரு விசில்.

ஒரு பாயின்ட்டில் தோற்றோம். டீ கையில் ஆறிப்போய் இருந்தது. உள்ளே போகக் கால் வரவில்லை. ஒரு பஸ் பிடித்து நேராகத் திருத்தணி போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அவளே வலை அருகே வந்தாள். கண் சிவந்திருந்தது. "உள்ள வா நைனா."

போனேன். "என்னாலதாம்மா. திரும்பி இருக்கக் கூடாது" என்றேன்.

"உன்னாலதான்" என்றாள். "வருஷம் பூரா அந்த ரிங்குக்குப் பின்னாடி உன் நீலச் சட்டை முதுகைப் பாத்துத்தான் போட்டுகினு இருந்தேன். இன்னிக்கு திடீர்னு மூஞ்சி தெரியுது. வாயப் பொளந்துகினு, கையில டீய வெச்சிகினு. சிரிப்பு வந்துடுச்சி."

"நான் நிக்கறது தெரியுமா உனக்கு?"

"டீமுக்கே தெரியும். 'நீலச்சட்டை வந்தாச்சு'ன்னுதான் வார்ம்அப்பே ஆரம்பிப்போம்."

"அப்ப கூப்ட்டு இருக்கலாம் இல்ல?"

"கூப்ட்டா இன்னா ஆவும்னு முதல் பாதில பாத்த இல்ல? படிக்கட்டுல சாமி சிலை மாதிரி ஒக்காந்து மொறைக்கிற. கையே ஓடல."

சாந்தி குறுக்கே வந்து, "ரெண்டு பேரும் லூசு" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அந்தக் காலேஜில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி வருடப் பிள்ளைகள் கடைசி மேட்ச் முடிந்ததும் ஜெர்சியைக் கழற்றி பி.டி. சாரிடம் கொடுத்துவிட வேண்டும். அதே நம்பர் அடுத்த வருடம் வேறொரு பெண்ணுக்குப் போகும். கீர்த்தனா போய் டி-ஷர்ட் மாற்றிக்கொண்டு வந்து, ஒன்பதை மடித்து நீட்டினாள். சார் அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். "துவைச்சி திங்கக்கிழமை குடுத்தனுப்புங்க சார்."

மைதானம் காலியாகிவிட்டது. கீர்த்தனா மூலையில் கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு அதே கோட்டில் போய் நின்றாள். "நைனா, ரிங்குக்குக் கீழ வந்து நில்லு. கண்ண மூடாத."

முதல் பந்து விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை.

"நான் வேணா வெளிய..."

"நில்லுன்னேன்."

மூன்றாவது விழுந்தது. ரிங்கின் வலை லேசாக மேலே சுருண்டு இறங்கியது. சர்ரென்று துணி உரசுகிற மாதிரி ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். வருடம் முழுக்க வெளியே நின்று நான் கேட்டதெல்லாம் ஊர் சத்தம். பந்து விழும் சத்தம் இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூச்சல் இல்லை, ட்ரம் இல்லை. சாந்தி மட்டும் படிக்கட்டிலிருந்து இரண்டு தட்டு தட்டினாள்.

"பாத்துட்ட இல்ல?" என்றாள் கீர்த்தனா. "பசிக்குது. கெளம்பலாம்."

ஞாயிற்றுக்கிழமை அந்த ஜெர்சியைக் கையால் துவைத்தேன். மெஷினில் போட்டால் நம்பர் உரிந்துவிடும், நான்கு வருடமாக இது என் வேலை. உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கொடியில் போட்டேன். மத்தியானமே காய்ந்துவிட்டது. சாயந்தரம்தான் எடுத்தேன்.

இந்தப் பக்கம் காலேஜ் மேட்ச் பார்க்க வர நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வந்தால் வெயில் தாங்கும். அம்பத்தூரிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், வேலப்பன்சாவடியை நம்பாதீர்கள். டிக்கெட் கிடையாது, கேட்டில் பெயர் எழுதினால் போதும். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். மூர்த்தி கடையில் டீ பன்னிரண்டு ரூபாய், இஞ்சி தட்டிப் போடுவார், நன்றாக இருக்கும். உங்கள் பிள்ளை ஆடுகிறதென்றால் அதை மேட்ச் தொடங்கும் முன்பே குடித்துவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். வாயை மட்டும் மூடி வைத்துக்கொள்ளுங்கள்.