பொம்மையிடம் பேச வராதவர்

“பேரைக் கேட்டீங்களா அக்கா?”

“யார் பேரை?”

“நோயாளி பேரை.”

லுவான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். ரப்பர் பொம்மை கூரையை வெறித்துக்கொண்டிருந்தது.

“இதுகிட்டயா? கேட்டா சொல்லிருமா?”

“சொல்லாது. ஆனா நீங்க கேக்கணும். கைப்பட்டையைப் பாத்துட்டு, பாத்தேன்னு வாய்விட்டுச் சொல்லணும்.”

“பாத்தேனே! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?”

“சொன்னாத்தான் மார்க்கு.”

வெய்நிங் தாளில் இன்னொரு சுழி போட்டாள். தைவானின் தாய்னான் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் செவிலியர்களின் திறனைச் சோதிப்பது அவள் வேலை. நரம்பில் ஊசி ஏற்றும் தேர்வுக்கு இருபத்துநான்கு படிகள். ஒவ்வொன்றையும் செய்துகொண்டே சொல்லவும் வேண்டும். லுவான் அத்தனையையும் பிசகில்லாமல் செய்து, பதினொன்றைச் சொல்லாமல் விட்டிருந்தார். இது இரண்டாவது தோல்வி. மூன்றாவது முறையும் தவறினால் அறுவைப் பிரிவில் இடமில்லை. கத்தரிகளையும் கிண்ணங்களையும் ஆவியில் சுத்தம் செய்யும் கீழ்த்தள அறைக்கு மாற்றிவிடுவார்கள்.

“அங்க போட்டா மூணே நாள்ல எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும். கத்தரிக்கோலுக்கு எங்க வலிக்குதுன்னு கேக்கவா?”

ஐம்பத்திரண்டு வயது லுவானுக்கு நின்ற இடத்தில் நிற்க வராது. பேசிக்கொண்டிருப்பவரின் காலரைச் சரிசெய்வார். சோற்றுப் பெட்டியை நடந்தபடியே காலிசெய்வார். பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றவரின் கையை உற்றுப் பார்த்து, “அடேயப்பா, என்ன அருமையான நரம்பு!” என்று சொல்லப்போக, அந்த ஆள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடியிருக்கிறார்.

வார்டில் அவருக்கு வாய் மூடாது. வெய்நிங் ஒருநாள் போய்ப் பார்த்தாள். மூன்று பேர் குத்தியும் நரம்பு சிக்காத கிழவர் ஒருவரின் கையை வெந்நீர்த் துணியில் சுற்றிக்கொண்டு, லுவான் மாண்டரினை விட்டுத் தைவான் பேச்சுக்கு மாறியிருந்தார்.

“உங்க பேரு என்ன தாத்தா?”

“காலையிலதானே சொன்னேன்.”

“மத்தியானத்துக்குள்ள மாத்தியிருந்தா? பொறந்த தேதியையும் சொல்லுங்க, பொண்ணு பாக்கணும்.”

“மெதுவாப் பேசு. வெளிய என் பொண்டாட்டி உக்காந்திருக்கா.”

கிழவர் சிரித்து முடிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருந்தது.

மூன்றாம் தேர்வுக்கு லுவான் வீட்டில் தலையணையிடம் பேசிப் பழகினாராம். மகள் விழுந்து விழுந்து சிரித்ததில் அதுவும் நின்றுபோனது.

தேர்வன்று வெய்நிங் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தினாள். “கை கழுவினேன்!” என்று பள்ளிப் பிள்ளையைப் போலக் கத்தினார் லுவான். கட்டிலருகே வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கைகள் மட்டும் சும்மா இல்லை. பொம்மையின் கோணிய காலை நேராக்கின, குதிகாலுக்கடியில் துண்டை மடித்து வைத்தன. அதற்குத் தாளில் கட்டம் கிடையாது. ஒரு நிமிடம் போனது.

“வெய்நிங், ஒண்ணு கேக்கட்டுமா? நீ வந்து இதுக்குப் பக்கத்துல படுத்துக்கோயேன். ஊசியை அது கையில குத்துறேன். பேரை உன்கிட்ட கேக்குறேன்.”

கேட்டுக்கொண்டே பொம்மையைச் சுவரோரம் நகர்த்தி, தலையணையைத் தட்டிச் சீர்செய்தார்.