பனிக்குள் வந்த வண்டிச் சத்தம்

போன தை மாதம், கூட்டேரிப்பட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் செங்கல் சூளையில் நடந்தது இது. 'எங்கள் சூளை' என்று எழுதும்போதே கர்வம் எட்டிப் பார்க்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இருளர்கள். கல்யாணமான நாளிலிருந்து வேறொரு ஊரில், ஒரு முதலாளியின் சூளையில், வாங்கிய கடனுக்காக வெளியே போக முடியாமல் கிடந்தோம். அதிகாரிகள் வந்து மீட்ட பிறகு, திண்டிவனம் பக்கம் பெண்களாகச் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தோம். எங்களுக்குத் தெரிந்தது மண்ணை அச்சில் அடித்துச் செங்கல் அறுக்கிற வேலை. அதையே நமக்காகச் செய்வோமே என்று சங்கத்தின் பேரில் ஏரியோரம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோம்.

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கூட்டத்தில் பேச வேண்டுமென்றால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்த வாய் அன்றைக்கு என்னைக் கைவிட்டது.

அன்று விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை. நீட்டிய கை கூடச் சரியாகத் தெரியவில்லை. பனைமரங்கள் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. நான் பள்ளத்தில் இறங்கி மண் வெட்டிக்கொண்டிருந்தேன். மேலே களத்தில் மற்றவர்கள் கல் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆள் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை, பேச்சு மட்டும் காதில் விழுந்தது. யாரோ தன் மாமியாரைக் கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். தூளியில் ஒரு குழந்தை சிணுங்கியது.

மேட்டை அடியில் குடைந்து வெட்டாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். நானே குடைந்து வெட்டியிருக்கிறேன் போல. பொத்தென்று மேடு சரிந்தது. கண்ணைத் திறந்தபோது நெஞ்சு வரைக்கும் மண். ஒரு கை உள்ளே மாட்டிக்கொண்டது. தலைக்கு மேல் இன்னொரு மண் பாளம் பிளந்து நின்றது. அதிலிருந்து பொடி மண் உதிர்ந்துகொண்டே இருந்தது.

"ஏய், யாராச்சும் வாங்கடி!"

நெஞ்சு நசுங்கிக் கிடந்ததால் குரல் பூனைக்குட்டி மாதிரிதான் வந்தது. ஆனாலும் மேலே யாரோ, "இன்னாது அது, கொரலு மாதிரி கீது?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அப்பாடா என்று இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. டப், டப், டப் என்று ஒரு பழைய புல்லட் வண்டி.

எங்கள் பழைய முதலாளி அப்படிப்பட்ட வண்டியில்தான் வருவார். அவர் வந்து திட்டக்கூட வேண்டாம், சத்தம் கேட்டாலே போதும். அதன் பிறகு யாரும் பேசக் கூடாது, தலையைத் தூக்கக் கூடாது, இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. பிள்ளை அழுதால் வாயைப் பொத்துவோம்.

மேலே பேச்சு ஒரே நேரத்தில் நின்றது. சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தையின் குரல் பாதியில் அறுந்தது. அம்மாவின் கை அதன் வாய்மேல் போய்விட்டது என்று பார்க்காமலே தெரிந்தது. அச்சைத் தட்டுகிற சத்தம் மட்டும் வேகமாக, இன்னும் வேகமாகக் கேட்டது. செத்தவர்கள் எழுந்து வந்து வேலை செய்வதுபோல இருந்தது.

அதைவிடப் பயங்கரம், என் வாயும் மூடிக்கொண்டதுதான். சாகக் கிடக்கிறேன், கத்து, கத்து என்று மனசு சொல்கிறது. உதடு பிரியவில்லை. கழுத்து தானாகக் குனிந்தது. வண்டிச் சத்தம் பனிக்குள் ஒரு பக்கம் போனது, மறு பக்கம் வந்தது, எங்களைத் தேடிச் சுற்றுவதுபோலச் சுற்றியது. மேலேயிருந்து ஒரு கட்டி விழுந்து என் தோளில் உடைந்தது. அப்போதும் நான் கத்தவில்லை.

"யோவ்! யார்யா அது? வண்டிய ஆஃப் பண்ணு! எங்க அண்ணி கூப்ட்டுது, ஒண்ணியும் கேக்கமாட்டுது!"

என் நாத்தனார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். பழைய சூளையில் அந்த வண்டிச் சத்தம் கேட்டால் கைகால் வெலவெலத்துப் போகிறவள்.

வண்டி நின்றது. "அண்ணி, எங்க கீற?" என்று மறுபடி கத்தினாள். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. எல்லோரும் ஓடி வந்தார்கள். சிலர் மேல் பாளத்துக்குப் பலகையை முட்டுக் கொடுக்க, மற்றவர்கள் கையாலேயே மண்ணைப் பறித்தார்கள். பனியிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவரும் வந்து பள்ளத்தில் குதித்தார். என்னை இழுத்து வெளியே போட்டதும் அந்தப் பாளம் விழுந்தது. நான் நின்ற இடமே மூடிப் போனது.

"மாட்டுக் கொட்டா கட்ட கல்லு கேக்க வந்தேம்மா. பனில வழி தெரியாம பேஜாரா பூட்ச்சி" என்றார் பெரியவர், மூச்சு வாங்க. பக்கத்து ஊர் விவசாயியாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முதல் முதலாகத் தானாகத் தேடி வந்த கிராக்கியைப் பார்த்தா இத்தனை பயம் என்று எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

கொஞ்சம் தண்ணீர் குடித்த பிறகு நாத்தனாரைக் கேட்டேன்: "கல்லு கேக்க வந்தவருன்னு உனக்கு எப்டிடி தெரிஞ்சுது?"

அவள் என் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"எனக்கு இன்னா தெரியும் அண்ணி? பழைய மொதலாளிதான்னு நெனச்சிக்கினுதான் கத்துனேன்."

நிலமும் அச்சும் சூளையும் சங்கத்தால் எங்களுக்குக் கிடைத்தன, அதை நான் என்றும் மறக்க மாட்டேன். ஆனால் பயமெல்லாம் போகட்டும், பிறகு பேசலாம் என்று அவள் அன்றைக்குக் காத்திருந்தால், இதை உங்களுக்குச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.