பார்த்தால் படுத்துவிடும் கை

யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் சகாயசெல்வியின் கை படுத்துவிடும். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் தலையை நீட்டினால் போதும், உருவி முடித்த காம்பையே மறுபடி உருவத் தொடங்குவாள். தலை மறைந்ததும் முறம் நிறைந்துவிடும். இன்னுமா முடியவில்லை என்று கேட்டால், "எனக்கென்ன அவசரம், அடுப்பு எந்திருச்சு ஓடவா போகுது?" என்பாள்.

நாகல் நகரில் அவள் குடியிருக்கும் சந்தில் அவளுக்குச் சோம்பேறிப் பட்டம் கட்டி நாளாயிற்று. பழனி சாலையில் இருக்கும் நூற்பாலையில் ரீலிங் பிரிவுக்கே அவள்தான் மேஸ்திரி என்று சொன்னால், அப்படியானால் அந்த மில் ஓடுவது மாதாவின் புண்ணியத்தால்தான் என்கிறார்கள்.

எண்பத்து நாலாம் வருஷம் அந்தக் கையைப் பார்த்திருக்க வேண்டும். கண்டுகளில் இருக்கும் நூலைச் சுழலும் சட்டத்தில் ஏற்றி, சிட்டம் சிட்டமாகக் கட்டி இறக்குவதுதான் ரீலிங். இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். சகாயசெல்வி போட்ட முடிச்சில், தான் அறுந்த விஷயம் இழைக்கே தெரியாது. ஒருமுறை அவள் வேகத்தில் ஈ ஒன்று சிட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு, மூட்டையோடு மூட்டையாகச் சின்னாளப்பட்டிக்குப் போய், நெசவுக்காரர் சிட்டத்தைப் பிரித்ததும் சிறகை உதறிக்கொண்டு, அடுத்த பஸ்ஸிலேயே மில் வாசலுக்குத் திரும்பிவிட்டது. நம்பாதவர்கள் டீக்கடை நைனா முகமதுவைக் கேட்கலாம். அந்த ஈயை அவருக்கு நன்றாக அடையாளம் தெரியும்.

கை வேகம் மட்டும் இருந்தால் மேஸ்திரியாக முடியாது. அவளுக்கு ஆட்களைப் படிக்கத் தெரியும். வீட்டில் அடி வாங்கிவிட்டு வருகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். ஏழாம் நம்பர் மிஷினைக் காட்டுவாள். மூச்சு விட்டால் இழை அறுக்கும் மிஷின் அது. அதன் முன்னால் நின்று அழ ஒருத்தருக்கும் நேரம் கிடைக்காது. டீ வந்தால் கடைசி தம்ளர் அவளுடையது. "மேஸ்திரி மொதல்ல குடிச்சா, வேலைக்காரிக்கு ஆறுன டீ. ஆறுன டீ குடிச்சவ கை ஆறித்தாண்டி ஓடும்" என்பது அவள் கணக்கு.

அந்தப் பிரிவில் இருந்த பதினெட்டுப் பெண்களில் அங்கம்மாளுக்கு வலது ஆள்காட்டி விரல் மடங்காது. நகச்சுத்தி முற்றி, கத்தி வைத்த விரல். அந்த விரல் மடங்காவிட்டால் முடிச்சு சுலபத்தில் விழாது. அதற்காகச் சகாயசெல்வி ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து மூலையில் வைத்தாள். அதற்கு 'மாதா உண்டியல்' என்று பெயர். கை மிச்சம் உள்ளவர்கள் ஆளுக்கொரு சிட்டம் அதில் போடுவார்கள். ஷிப்டு முடிகிறபோது அங்கம்மாளின் குறை அதிலிருந்து நிறையும். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு, புருஷன் இல்லாமல் இருந்த அங்கம்மாளுக்கு அந்த வேலைதான் அடுப்பு. உண்டியல் சங்கதி மேனேஜர் இருதயநாதனுக்கு நான்கு வருஷம் தெரியாது.

பிறகு கோயம்புத்தூரிலிருந்து கமலக்கண்ணன் வந்தார். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய கடிகாரம், கையில் அட்டை, முகத்தில் எப்போதும் ஒரு மன்னிப்பு. அவர் மூன்று நாள் நின்று ஒவ்வொருவர் கை வேகத்தையும் அளக்கப் போவதாக இருதயநாதன் முந்தின நாளே சொல்லிவிட்டார். மெதுவாக வேலை செய்கிறவளைக் கண்டுபிடித்து அனுப்பத்தான் ஆள் வந்திருக்கிறது என்று சகாயசெல்வி முடிவு கட்டினாள். கடிகாரத்துக்கு முன்னால் உண்டியல் உதவாது. அன்று சாயங்காலமே அங்கம்மாளைக் கூப்பிட்டு, அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி மூன்று நாள் வீட்டில் கிடக்கச் சொன்னாள். மற்றவர்களைப் பற்ற வைப்பதற்கு ஒரு வார்த்தை போதுமாயிருந்தது: "அங்கம்மா வரலங்கிறது அந்தக் கடியாரத்துக்குத் தெரியக் கூடாதுடி."

தெரியவில்லை. பதினேழு பேர் பதினெட்டு மிஷினையும் ஓட்டினார்கள். அவர்களில் சிவனம்மாள் என்பவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஏழாம் நம்பரே பயந்துபோய் இழை அறுப்பதை நிறுத்தியது. சகாயசெல்வி இந்த மிஷினுக்கும் அந்த மிஷினுக்குமாகப் பறந்ததில் அவள் முந்தானை தரையைத் தொடவே இல்லை.

மூன்றாம் நாள் கமலக்கண்ணன் கடிகாரத்தை நிறுத்திவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, எப்பவுமே இப்படித்தானுங்களா வேலை செய்யறீங்க?"

ஆமாம், இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் பதினேழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன சார், சும்மா செத்த நேரம் கை வெளையாடுனது. நாங்க வேலை பாத்து நீங்க பாக்கலையே" என்றாள் சகாயசெல்வி. பெண்கள் சிரித்தார்கள். கமலக்கண்ணனும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

நாலாம் நாள் அங்கம்மாள், பொய்க்கு ஒரு லட்சணம் வேண்டுமென்று முகமெல்லாம் மஞ்சள் அப்பி, கொண்டையில் வேப்பிலை செருகிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு அவர்கள் சிரித்த சிரிப்பு அந்தப் பிரிவில் பிறகு கேட்கவில்லை. பத்தாம் நாள் காகிதம் வந்தது. பதினெட்டு மிஷினுக்குப் பதினான்கு பேர் போதும். நான்கு பேரை நிறுத்த வேண்டும். முதல் பெயர், மூன்று நாள் வராமலே வேலைக்கு ஒரு குறையும் வராத அங்கம்மாள்.

சகாயசெல்வி ஆபீசுக்கு ஓடினாள். கமலக்கண்ணன் அங்கேதான் இருந்தார். அது பொய் வேகம், மூன்று நாளைக்கென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது என்று அழாத குறையாகச் சொன்னாள். அவர் எழுந்து நின்று கேட்டார். அந்த மரியாதை அவரிடம் கடைசிவரை இருந்தது.

"பொய்யா ஓடுச்சா, நெசமா ஓடுச்சான்னு கடிகாரத்துக்குத் தெரியாதுங்க அம்மணி. ஓடுச்சான்னு மட்டுந்தான் தெரியும். அன்னைக்கே நான் கேட்டனுங்களே."

அங்கம்மாள் சண்டை போடவில்லை. சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு புறப்படும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "நான் இல்லாம ஓடும்னு நீயே ஓட்டிக் காட்டிட்டியேத்தா."

குடியரசு தினத்தன்று சகாயசெல்விக்குச் சிறந்த மேஸ்திரி என்று பெயர் வெட்டிய எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். வீட்டில் அதில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருக்கிறாள். பதினான்கு பேருக்கும் அந்த மூன்று நாள் வேகமே தினசரி வேகமாயிற்று. யாரிடமும் மிச்சச் சிட்டம் இல்லை. உண்டியலில் இப்போது மிஷின் துடைக்கும் பஞ்சு கிடக்கிறது.

பெண்கள் சோர்ந்துபோனதை மில் கவனிக்காமல் இல்லை. மன உறுதி பற்றிப் பேச மதுரையிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். அவர் ஒரு முட்டையையும் ஒரு ரப்பர் பந்தையும் கீழே போட்டார். முட்டை உடைந்தது, பந்து எழும்பியது. வாழ்க்கையில் நீங்கள் முட்டையா, பந்தா என்று கேட்டார்.

"பந்துன்னா எந்திரிக்க எந்திரிக்க அடிப்பாக. முட்டைன்னா அடையாச்சும் வைப்பாகள்ல?" என்றாள் சிவனம்மாள். பேச்சில் போன ஒரு மணி நேரத்தை மறுநாள் ஓட்டி ஈடு கட்டச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகுதான் சகாயசெல்வியின் கை பார்வைக்குப் படுக்கப் பழகியது. பந்தியில் பரிமாறினாலும் சரி, கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாலும் சரி. மில்லிலும் மேனேஜர் வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் அவள் கட்டுகிற சிட்டம் பாதியில் நின்றுவிடும். காலம் கடந்த புத்தி என்று சிவனம்மாள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

அங்கம்மாள் நாகல் நகரிலேயே ஒரு பிரியாணிக் கடையின் கொல்லைப்புறத்தில் சின்ன வெங்காயம் உரிக்கிறாள். உரித்த எடைக்குத்தான் கூலி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சகாயசெல்வி அங்கே போய் எதிரே உட்கார்ந்துகொள்வாள். வா என்று அங்கம்மாள் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வழியும். வெங்காயம் இருக்கிறபடியால் யாரும் எதுவும் விசாரிக்க வேண்டியதில்லை. அங்கம்மாள் பார்க்கிற வரைக்கும் சகாயசெல்வியின் கையில் ஒரே வெங்காயம் உருண்டுகொண்டிருக்கும்.

போன ஞாயிறு அங்கம்மாள் தண்ணீர் மோந்துவர எழுந்து போனாள். அந்த முதுகு திரும்பியதுதான் தாமதம், பழைய கை எழுந்துவிட்டது. தோல் பறந்தது. அவள் திரும்பி வருவதற்குள் இரண்டு படி வெங்காயம் உரிந்து, அங்கம்மாளின் முறத்தில், அவள் உரித்து வைத்த சின்னக் குவியலோடு ஒட்டிக் கிடந்தது. சகாயசெல்வி பழைய வெங்காயத்தையே உருட்டிக்கொண்டிருந்தாள்.

அங்கம்மாள் உட்கார்ந்தாள். முறத்தைப் பார்த்தாள். பிறகு மடங்காத அந்த விரலால் குவியலின் நடுவில் நேராக ஒரு கோடு இழுத்து, தன்னுடையது போக மீதியைச் சகாயசெல்வியின் பக்கமாகத் தள்ளிவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.