பெட்டியைத் தட்டிப் பார்ப்பவர்

கணினி வாங்க மூன்று கடை ஏறி இறங்கியும் எனக்குக் குழப்பம்தான் மிச்சம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான்காவது கடை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவரைக் கடைக்காரர் என்றே நினைத்தேன்.

"அங்கிள், ஆபீஸ் வேலைக்கு வேணும். பிரௌசர்ல எப்பவும் நாப்பது டேப் திறந்திருக்கும். விலை கம்மியா எது நல்லது?"

"கிராபிக்ஸ் கார்டுலாம் வேணாம் லா. பதினாறு ஜிபி ராம், எஸ்எஸ்டி போதும். இதை எடுங்க."

பணம் கட்டும்போது முதலாளி சிரித்தார். "அவரும் வாங்க வந்தவருதான். நாலு மாசமா வராரு."

திரும்பி அவரிடமே கேட்டேன். "நீங்களும் இதையே எடுக்கலாமே, அங்கிள்?"

"உங்களுக்கு இது சரி லா. எனக்குன்னு வந்தாதான் ஒண்ணும் புரிய மாட்டேங்குது."

என் கணினி திணறாமல் ஓடுகிறது. போன வாரம் அந்தக் கடையை எட்டிப் பார்த்தேன். அதே அங்கிள் யாரோ ஒரு பெண்ணிடம், "இதை எடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வாங்கத்தான் வருகிறாரா?