இழுவையில் திறக்காத கொக்கி

போன ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை காலை, என் கணவருடைய மார்பில் பாதுகாப்புப் பெல்ட்டை நானே மாட்டிவிட்டேன். கொக்கியையும் நானே அழுத்திப் பூட்டினேன். அந்தக் கொக்கி அவர் உயிரை வாங்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இந்தச் சபையில் உங்கள் முன்னால் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. நான் சொல்லப்போவது என் பாவத்தையும் ஆண்டவருடைய இரக்கத்தையும்தான்.

என் பெயர் ஜெயராணி. சிவகாசிப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. முன்பெல்லாம் பள்ளிக்கூடப் பைதான் தைத்தோம். பிறகு ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. பாய்மரப் படகில் வேலை செய்கிறவர்கள் மார்பில் கட்டிக்கொள்ளும் பெல்ட். அதிலிருந்து ஒரு கயிறு போய்ப் படகில் மாட்டியிருக்கும். ஆள் தவறிக் கடலில் விழுந்தாலும் படகு அவனைத் தனியே விட்டுப் போகாது. ஆனால் படகு நிற்காமல் ஓடினால் அதே கயிறு அவனைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டே போகும். அதனால் கயிறு எவ்வளவு விறைப்பாக இருந்தாலும், மார்பில் உள்ள கொக்கியை ஒரே கையால் திறக்க முடிய வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சாவு என்றால் நெருப்பில்தான். எங்கேயாவது பெரிதாகச் சத்தம் கேட்டால், எந்த ஊர், எத்தனை பேர் என்று விசாரிப்போம். தண்ணீரை நினைத்து நாங்கள் பயந்ததே இல்லை.

கம்பெனிக்குப் பின்னால் மணல் மூட்டைக்குப் பெல்ட்டை மாட்டி, கயிற்றில் கட்டி உயரத்திலிருந்து விட்டுப் பார்ப்போம். தையல் தாங்கியது. நாடாவும் தாங்கியது. ஒரு நாள் மூட்டை தொங்கிக்கொண்டிருக்கும்போதே கொக்கியைத் திறந்து பார்த்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். அப்போதும் வரவில்லை. மூட்டையைத் தரையில் இறக்கியதும் விரல் பட்டவுடன் திறந்துகொண்டது. இன்னும் மூன்று பெல்ட்டில் பார்த்தேன். எல்லாம் அப்படியேதான்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"லோடு ஏத்துற நேரத்துல வந்து இதச் சொல்றீகளேம்மா? தொங்கிக்கிட்டே யாரு தெறக்கப் போறாக? பேசாம கையெழுத்தப் போடுங்க."

தரம் பார்த்து நிரப்புகிற கார்டில் 'இழுவையில் திறக்கிறது' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். தரம் பார்க்கும் பொறுப்பு எனக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதை விட மனமில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் நெஞ்சில் ஏதோ கனமாக உட்கார்ந்துகொள்ளும். ஏதோ வரப்போகிறது என்று மட்டும் தெரிந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை.

அது என் வீட்டுக்குள்ளேயே வந்தது. பெல்ட்டைக் கட்டிய ஆள் தண்ணீரில் இழுபடும் வீடியோ வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்டார்கள்; அதற்காக லோடு சில நாள் தள்ளிப்போனது. என் கணவர் அருள்ராஜ் அதே கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். கடற்கரை ஊரில் பிறந்தவர், நன்றாக நீந்துவார். "நான் எறங்குறேன்" என்று முதல் ஆளாகச் சொல்லிவிட்டார்.

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் இருந்தது. தினமும் காலையில் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்திருப்பேன். பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்று அவர் என்னைப் பார்ப்பாரே என்ற வெட்கம் தடுத்துவிடும்.

ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் நிறைந்திருந்தது. காற்றே இல்லை. தூரத்தில் எங்கோ வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நான் கொக்கியைப் பூட்டும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன ஜெயா, மொகத்த இப்படி வச்சிருக்க? நீ பாத்து அனுப்புன பெல்ட்டுதான? அத நம்பித்தான எறங்குறேன்."

அப்போதும் நான் சொல்லவில்லை.

படகில் நான், செல்போனில் வீடியோ எடுக்கிற மேனேஜர், மோட்டாரைப் பிடித்திருந்த படகுக்காரர் என்று மூன்று பேர். முதலில் மெதுவாகப் போனோம். கயிற்றின் மறுமுனையில் என் கணவர் மல்லாந்து மிதந்தபடி சிரித்துக்கொண்டு வந்தார். "இன்னும் கொஞ்சம் வேகம் எடுங்க" என்றார் மேனேஜர். தண்ணீர் என் கணவர் முகத்தில் ஏறியது. ஒரு புரட்டு. குப்புற விழுந்துவிட்டார். அவருடைய கை மார்புக்குப் போவதைப் பார்த்தேன். கொக்கியை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். அது திறக்காது என்று எனக்குத் தெரியும்.

"நிப்பாட்டுங்க!" என்று அலறினேன். படகுக்காரர் பதற்றத்தில் கைப்பிடியை மாற்றித் திருகிவிட்டார். படகு துள்ளிப் பாய்ந்தது. கயிற்றை அறுக்க ஒரு கத்திகூட இல்லை. கணவருடைய தலை வெளியே வரவே இல்லை.

சின்ன வயதிலிருந்து மனப்பாடம் செய்த ஜெபம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "ஆண்டவரே, நான் பொய் சொல்லிட்டேன். நான் பொய் சொல்லிட்டேன். அவர விட்டுருங்க" என்று கத்தினேன். மேனேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

மோட்டார் நின்றுவிட்டது.

கயிறு தொய்ந்தது. மூவரும் சேர்ந்து அவரை மேலே இழுத்தோம். உதடு நீலமாக இருந்தது. மூச்சு இல்லை. படகுக்காரர் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தார். நான் அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திடீரென்று இருமித் தண்ணீரைக் கக்கினார்.

மோட்டாரின் விசிறியில் ஒரு பழைய வலை இறுகச் சுற்றியிருந்தது. "நான் தெனம் போற தடம்க்கா இது. இங்கன வலை எப்படி வந்துச்சுன்னே தெரியல" என்றார் படகுக்காரர். எனக்குத் தெரியும்.

சிவகாசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கண் விழித்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த நாளை நான் மறக்க மாட்டேன். மறுநாள் காலை அவராகவே கேட்டார்.

"மத்த பெல்ட்டெல்லாம் எங்க?"

"பெட்டில அடச்சாச்சுங்க. நாளைக்கு லோடு கெளம்புது."

"அப்ப இங்க ஏன் ஒக்காந்திருக்க? போ."

நேராக முதலாளியிடம் போனேன். கார்டையும் என் கையெழுத்தையும் காட்டினேன். அவர் உடனே லாரிக்காரருக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னார். அந்த ஆர்டர் சில மாதம் நின்றது. என் பொறுப்பும் போனது. மறுபடியும் மெஷினில் உட்கார்ந்து தைத்தேன். ஆனால் அன்று சாயங்காலம் முழங்காலில் நின்றபோது எனக்கு ஜெபம் வந்தது. அழுது தீர்த்தேன்.

இந்தப் பங்குனியில் வேறு மாதிரிக் கொக்கி வந்திருக்கிறது. மணல் மூட்டை தொங்கும்போதே ஒரே விரலில் திறக்கிறது. தண்ணீரில் யார் இறங்குவது என்று முதலாளி கேட்டார். நான் இறங்குகிறேன் என்றேன். மல்லாங்கிணறு என்கிற ஊரில் உறவுக்காரர் தோட்டத்துக் கிணற்றில் என் கணவர்தான் எனக்கு நீச்சல் சொல்லித் தந்தார். இப்போது படகில் கத்தி இருக்கிறது. உள்ளே மிதவைச் சட்டை போட்டுக்கொள்கிறேன். இழுபடும்போது இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. கொக்கி திறந்து நான் மேலே வரும் ஒவ்வொரு முறையும், முகம் தெரியாத யாரோ ஒருவர் தூரத்துக் கடலில் மூச்சு விடுவதை நினைத்து ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

அன்பானவர்களே, உங்களில் யாருக்காவது என்னைப் போல் ஜெபம் அடைத்துக்கொண்டிருந்தால், நல்ல வார்த்தைகளைத் தேடாதீர்கள். மறைத்து வைத்திருப்பதை அப்படியே சொல்லுங்கள். என் வாழ்க்கையிலேயே மிகவும் அசிங்கமான ஜெபத்தை அவர் கேட்டார். உங்களுடையதையும் கேட்பார்.