முறிந்த ஊசியின் மறுபாதி

இன்ஜின் போல்ட்டுகளைப் பிணைக்கும் கம்பியின் நுனியை வெட்டினேன். துண்டு கைக்குச் சிக்காமல் தெறித்து எங்கோ 'டிக்' என்று விழுந்தது. நாற்பத்தாறு வயதில் பள்ளி பஸ் ஓட்டுவதை விட்டுவிட்டு, விமானப் பராமரிப்பு வேலை பழக வந்தவன் நான். இங்கே எல்லாமே எனக்குப் புதிது. அந்தச் சத்தம் மட்டும் பழையது.

சிறுவயதில் நாங்கள் இருந்த சாலாக் செலாத்தான் வீட்டில் அம்மா ரவிக்கை தைப்பார். மிஷின் ஊசி முறிந்தால் இதே 'டிக்'தான். "யாரும் அசையாதீங்க!" என்று கத்திவிட்டு, சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுப்பார். டார்ச் வெளிச்சத்தைத் தரையோடு ஓடவிட்டுத் தேடுவார்.

ஒருநாள் காலை வாசலில் ஃபேக்டரி வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. காலுறையும் கையுமாக நாற்காலியில் ஏறி நின்ற அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"வேன் போச்சுன்னா என் வேலையும் போயிரும்டி! இன்னும் எவ்ளோ நேரம்?"

"கிடைக்கிற வரைக்கும்."

வேன் போய்விட்டது. ஊசி முனை அப்பாவின் கையிலிருந்த காலுறைக்குள் செருகியிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் காலுறையை மெல்ல அம்மாவிடம் நீட்டினார்.

"கம்பித் துண்டு வெளிய விழுந்திருக்கும்லா அங்கிள். இன்ஜினை மூடுங்க, பிளேன் கிளம்பணும்" என்றார் சூப்பர்வைசர். என்னில் பாதி வயது. அவர் போன் விடாமல் அடித்தது.

வந்த நாளிலிருந்து 'ஓகே பாஸ்' தவிர வேறெதையும் நான் அவரிடம் சொன்னதில்லை. டார்ச்சை எடுத்தேன். இன்ஜினின் குளிர்ந்த விளிம்பில் கன்னத்தை வைத்தேன்.

"அங்கிள்! எவ்ளோ நேரம்?"

டார்ச் வெளிச்சத்தை இன்ஜினுக்குள் ஓடவிட்டேன்.

"கிடைக்கிற வரைக்கும், பாஸ்."